வண்டியைத் திருப்பினால் ‘கட் கட்’ சத்தமா? சிவி ஜாயிண்ட்டை வீட்டிலேயே மாற்றலாமா?

நேர் ரோட்டில் கார் அலுங்காமல் போகும். தெருமுனையில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பினால் மட்டும் முன் சக்கரத்துப் பக்கம் ‘கட் கட் கட்’ என்று ஒரு சத்தம். நேராக்கினால் நின்றுவிடும். “வண்டி ஓடுதுல்ல, அப்புறம் பாத்துக்கலாம்” என்று பலர் விட்டுவிடும் சத்தம் இது. ஆனால், பெரும்பாலும் இது தேய்ந்துபோன சிவி ஜாயிண்ட் எழுப்பும் சத்தம். சில நூறு ரூபாய் ரப்பர் உறை கிழிந்ததைக் கவனிக்காமல் விட்டதால், சில ஆயிரம் ரூபாய் செலவு வந்து நிற்கிறது என்று அர்த்தம்.

அரியலூர் மாவட்டம் ரெட்டிபாளையம் போன்ற ஊர்களில் இந்தச் சத்தத்தைக் கூடுதல் கவனத்தோடு கேட்க வேண்டியிருக்கிறது. அல்ட்ராடெக் சிமெண்ட் ஆலை இருக்கும் ஊர் இது. சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள். கல்லையும் சிமெண்ட்டையும் ஏற்றிப் போகும் லாரிகள். அவை கிளப்பும் புழுதி. அரியலூர், ஜெயங்கொண்டம், பெரம்பலூர் என்று வேலைக்கும் கடைக்கும் தினமும் போய்வரும் குடும்பக் கார்கள் இந்தப் புழுதிக்குள்தான் ஓடுகின்றன.

யூடியூபைப் பார்த்து, “நாமளே மாத்திடலாம் போலயே” என்று நினைக்கும் இளைஞர்கள் இன்று அதிகம். முடியுமா? முடியும். ஆனால், எந்த இடத்தில் கை வைக்கலாம், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிவி ஜாயிண்ட் என்பது என்ன?

இன்றைய சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றில் இன்ஜின் சுற்றுவது முன் சக்கரங்களைத்தான். ஆல்ட்டோ, ஸ்விஃப்ட், வேகன்-ஆர், ஐ10, ஐ20 எல்லாமே முன் சக்கர இழுவைக் கார்கள். கியர் பாக்ஸிலிருந்து இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு இரும்புத் தண்டுகள் சக்கரங்களுக்குப் போகும். இதுதான் டிரைவ் ஷாஃப்ட். ஒர்க்‌ஷாப்பில் ‘ஆக்சில்’ என்பார்கள்.

முன் சக்கரத்துக்கு மூன்று வேலை. சுற்ற வேண்டும். பள்ளம் மேடுகளில் மேலும் கீழும் போக வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடமும் வலமும் திரும்ப வேண்டும். வளையாத இரும்புத் தண்டு ஒன்றால் இந்த மூன்றுக்கும் ஈடுகொடுக்க முடியாது. அதனால் தண்டின் இரண்டு முனையிலும் ஒரு மூட்டு வைத்திருக்கிறார்கள். கியர் பாக்ஸ் பக்கம் இருப்பது உள் ஜாயிண்ட். சக்கரத்துப் பக்கம் இருப்பது வெளி ஜாயிண்ட். ஸ்டியரிங் திரும்பும்போது அதிகமாக வளைவது வெளி ஜாயிண்ட்தான். 45 டிகிரி அளவுக்குக்கூட அது வளைய வேண்டியிருக்கும். பெரும்பாலும் முதலில் தேய்வதும் அதுதான்.

பழைய இன்னோவா, பொலேரோ, ஆம்னி போன்றவை பின் சக்கர இழுவை வண்டிகள். முன் சக்கரத்துக்கு இன்ஜின் விசை போகாத அந்த மாடல்களில் முன்பக்கம் இந்த ஜாயிண்ட் இருக்காது. அங்கே ‘கட் கட்’ சத்தம் வந்தால் காரணம் வேறு. இன்னொரு பக்கம், “எலெக்ட்ரிக் காருக்கு இந்தத் தொல்லை இல்லை” என்று நினைக்க வேண்டாம். நெக்ஸான் இவி, டியாகோ இவி போன்ற முன் சக்கர இழுவை மின்கார்களிலும் மோட்டாரின் விசை இதே ஜாயிண்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது.

சிவி என்றால் ஏன் ‘மாறாத வேகம்’?

சிவி என்பது ‘கான்ஸ்டன்ட் வெலாசிட்டி’ என்பதன் சுருக்கம். உள்ளே வரும் வேகம் எதுவோ, அதே வேகம் வெளியே போக வேண்டும் என்பதுதான் பொருள்.

லாரிக்கு அடியில் நீளமாகச் சுற்றும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பார்த்திருப்போம். அதில் சிலுவை வடிவ மூட்டு ஒன்று இருக்கும். யூனிவர்சல் ஜாயிண்ட், ஹூக் ஜாயிண்ட் என்று சொல்வது அதைத்தான். அது நேராக இருக்கும்போது பிரச்சினை இல்லை. வளையும்போது ஒரு குறை தெரியும். 30 டிகிரி வளைந்த நிலையில் ஒரு பக்கம் நிமிடத்துக்கு 100 சுற்று சீராகச் சுற்றினாலும், மறுபக்கத்தின் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை சுமார் 87-க்கும் 115-க்கும் இடையே ஏறி இறங்கும். முன் சக்கரத்தில் இந்த மூட்டை மட்டும் போட்டால், ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் உதறும்.

இதற்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் ஆல்ஃபிரட் ரெப்பா. ஃபோர்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த இவர், 1920-களில் குண்டுகளை வைத்து இயங்கும் ஒரு ஜாயிண்ட்டை வடிவமைத்தார். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு கிண்ணம், இரண்டிலும் வளைந்த பள்ளங்கள், நடுவே ஆறு எஃகுக் குண்டுகள். குண்டுகள் நகர்ந்துவிடாமல் பிடித்துக்கொள்ள ஒரு கூண்டு. ஜாயிண்ட் எந்தக் கோணத்தில் வளைந்தாலும், அந்தக் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே குண்டுகள் நிற்கும். அதனால் இரண்டு பக்கமும் ஒரே வேகம்.

1959-ல் பிரிட்டனில் வந்த மினி கார் இந்த வகை ஜாயிண்ட்டைச் சாதாரண மக்களின் காருக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் அம்பாசடரும் பத்மினியும் பின் சக்கர இழுவையில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில், 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. முன் சக்கர இழுவையும் அதோடு சிவி ஜாயிண்ட்டும் ஊர் ஊராகப் பரவியது அதன் பிறகுதான்.

குண்டு தேய்வது ஏன்?

இந்த ஜாயிண்ட்டின் ஆயுள் அதன் மேல் மாட்டியிருக்கும் ரப்பர் உறையில் இருக்கிறது. அக்கார்டியன் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். இதன் பெயர் பூட். உள்ளே கறுப்பான கிரீஸ் நிறைந்திருக்கும். உறை முழுசாக இருக்கும்வரை ஜாயிண்ட்டுக்குத் தனியாக எந்தப் பராமரிப்பும் வேண்டாம். ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் சாதாரணமாக ஓடும்.

ரப்பர் நாளாக ஆக வெயிலில் காய்ந்து, மடிப்புகளில் வெடிக்கும். ரோட்டில் கிடக்கும் கூர்மையான கல் பட்டாலும் கிழியும். கிழிந்ததும் இரண்டு காரியம் நடக்கும். சக்கரம் சுற்றும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறித்துவிடும். அந்த ஓட்டை வழியாக மழைத் தண்ணீரும் புழுதியும் உள்ளே போகும்.

சுண்ணாம்புக்கல் பூமிதானே, அந்தத் தூள் இரும்பை என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லின் முக்கியக் கனிமமான கால்சைட், கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவுகோலில் வெறும் 3. எஃகுக் குண்டைவிட மிகவும் மென்மையானது. ஆனால், ரோட்டுப் புழுதி வெறும் சுண்ணாம்பு அல்ல. அதில் மணலும் கலந்திருக்கிறது. மணலில் இருக்கும் குவார்ட்ஸின் அளவு 7. அது கிரீஸோடு சேர்ந்தால், கத்திக்குச் சாணை பிடிக்கும் பசை மாதிரி ஆகிவிடும். குண்டு ஓடும் பள்ளங்களில் குழி விழும். வளைவில் திரும்பும்போது குண்டுகள் அந்தக் குழிகளில் ஏறி இறங்கும் சத்தம்தான் ‘கட் கட்’.

“கிரீஸ் அடிச்சா சரியாயிடும்” என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. கிரீஸால் குழியை அடைக்க முடியாது. சத்தம் சில நாள் அடங்கலாம், தேய்மானம் நிற்காது.

இது சிவி ஜாயிண்ட் சத்தம்தானா?

ஜாக்கியைத் தேடுவதற்கு முன்னால் இதைச் சரிபார்க்க வேண்டும். ஆளில்லாத ஒரு திடலில், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுசாக ஒடித்து, முதல் கியரில் மெதுவாக வட்டமடிக்கவும். பிறகு மறுபக்கம். லாரி ஓடும் மெயின் ரோட்டில் இந்தச் சோதனை வேண்டாம்.

சத்தம் சொல்லும் கதை இப்படி இருக்கும்:

• திரும்பும்போது மட்டும் ‘கட் கட்’, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கூடுகிறது: வெளி ஜாயிண்ட். வலது பக்கம் திருப்பும்போது சத்தம் கேட்டால் பெரும்பாலும் இடது ஜாயிண்ட், இடது பக்கம் என்றால் வலது ஜாயிண்ட். வளைவின் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் பாரம் கூடுவதே காரணம்.

• நேர் ரோட்டில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது வண்டி நடுங்குகிறது, காலை எடுத்தால் குறைகிறது: உள் ஜாயிண்ட்டைச் சந்தேகிக்கலாம்.

• வேகம் கூடக் கூட ‘ஊ’ என்ற இரைச்சல்: வீல் பேரிங்காக இருக்கலாம்.

• ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போது ‘டக் டக்’: லிங்க் ராடு, பால் ஜாயிண்ட், சஸ்பென்ஷன் புஷ் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கண்ணால் பார்ப்பது. ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பி வண்டியை அணைத்துவிட்டு, சக்கரத்துக்குப் பின்னால் மொபைல் டார்ச் அடித்தால் பூட் தெரியும். மடிப்பில் விரிசல் இருக்கிறதா, ரிம்மின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று பார்க்கவும். இரண்டும் இல்லாமல் பூட் சுத்தமாக இருந்தால், சத்தத்துக்கு வேறு காரணம் தேடுவது நல்லது.

பூட் போதுமா, ஜாயிண்ட் மாற்றணுமா?

பூட் கிழிந்திருக்கிறது, ஆனால் சத்தம் இன்னும் வரவில்லை என்றால் நல்ல நேரம்தான். ஜாயிண்ட்டைக் கழுவிச் சுத்தம் செய்து, புது கிரீஸ், புது பூட் போட்டால் போதும். சத்தம் தொடங்கிவிட்டால் ஜாயிண்ட்டை மாற்றியே ஆக வேண்டும். உள், வெளி இரண்டும் போயிருந்தால், அல்லது ஷாஃப்ட்டே பழுதாகியிருந்தால், முழு ஷாஃப்ட்டாக மாற்றுவது எளிது.

கடைக்குப் போகும்போது காரின் மாடல், ஆண்டு, பெட்ரோலா டீசலா, இடதா வலதா என எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்து ஷாஃப்ட்டும் பல கார்களில் ஒரே நீளம் இருக்காது. ஜாயிண்ட்டின் இரண்டு முனைகளிலும் இருக்கும் பற்களின் எண்ணிக்கை பழையதோடு ஒத்துப்போக வேண்டும். ஏபிஎஸ் இருக்கும் பல கார்களில் ஜாயிண்ட்டின் மேலேயே ஒரு பல் வளையம் இருக்கும். புதியதிலும் அதே எண்ணிக்கையில் பற்களோடு அது இருக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி ஓடும், ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு அணையாது.

இன்னொரு முக்கியமான விஷயம். சில கார்களில் வெளி ஜாயிண்ட்டை ஷாஃப்ட்டிலிருந்து பிரிக்கக் கூடாது என்று சர்வீஸ் மேனுவலே சொல்லும். அந்த மாடல்களில் பூட் மாற்ற வேண்டுமானாலும் உள்பக்க ஜாயிண்ட்டைக் கழற்றித்தான் மாட்ட வேண்டும். வேலை தொடங்கும் முன்பே இதைப் பார்த்துக்கொள்ளாவிட்டால், நடுவாசலில் கார் பாதி கழன்ற நிலையில் நிற்கும்.

ஜாக்கியை நம்பிக் கீழே போகாதீர்கள்

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தானது சிவி ஜாயிண்ட் அல்ல, ஜாக்கி. ஒரு சின்னக் காரின் எடையே 750 முதல் 950 கிலோ வரை இருக்கும். அதில் பாதிக்கு மேல் முன்பக்கம்தான். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும் கொடுக்கப்பட்டது. வேலை செய்யும்போது சுத்தியலால் தட்டுவோம், கம்பி கொடுத்து நெம்புவோம், முழு பலத்தோடு இழுப்போம். அந்த ஆட்டத்தில் ஜாக்கி சாய்ந்தால் தப்பிக்க நேரம் கிடைக்காது.

எனவே சில விதிகளில் சமரசம் கூடாது. தரை சமமான கான்கிரீட்டாக இருக்க வேண்டும். மண் வாசலில், அதுவும் மழை பெய்து ஊறிய மண்ணில், ஜாக்கி ஒரு பக்கமாகப் புதையும். பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் போட வேண்டும். ஜாக்கியால் தூக்கியதும், மேனுவல் காட்டும் இடத்தில் ஆக்சில் ஸ்டாண்ட் வைத்து, பாரத்தை அதன்மேல் இறக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போடுவது கூடுதல் பாதுகாப்பு.

செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டுக்கு மாற்று ஆகாது. சுவரில் எத்தனை பாரம் தாங்கினாலும், ஒரு புள்ளியில் எடை விழுந்தால் அவை எச்சரிக்கை இல்லாமல் நொறுங்கும். ஸ்டாண்ட் இல்லையென்றால் வேலையைத் தொடங்க வேண்டாம். தனியாகவும் செய்ய வேண்டாம். பிரேக்கை மிதிக்க எப்படியும் இன்னொரு ஆள் தேவை.

கையில் இருக்க வேண்டியவை

ஆக்சில் நட்டுக்குப் பொருந்தும் பெரிய சாக்கெட் (பல கார்களில் 30 அல்லது 32 மி.மீ.), நீளமான கைப்பிடி, டார்க் ரெஞ்ச், சர்க்ளிப் பிளையர், ரப்பர் அல்லது பிளாஸ்டிக் சுத்தியல், பித்தளைக் கம்பி, பால் ஜாயிண்ட்டைப் பிரிக்கும் கருவி, ஸ்பேனர் செட், கண்ணாடி, கையுறை. பொருள்களில்: ஜாயிண்ட் கிட், புது ஆக்சில் நட், புது சர்க்ளிப், இரண்டு கிளாம்ப், சிவி ஜாயிண்ட்டுக்கென்றே வரும் மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ். வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் இதற்குச் சரிப்படாது.

இதையெல்லாம் புதிதாக வாங்கினால், ஒரு முறை மெக்கானிக்குக் கொடுக்கும் கூலியைவிட அதிகமாகிவிடும். கருவிகள் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும், தொடர்ந்து பயன்படுத்தப் போகிறவர்களுக்கும்தான் இது லாபம்.

படிப்படியாக வேலை

முதல் படி, ஆக்சில் நட். சக்கரத்தின் நடுவில் இருக்கும் பெரிய நட் இது. இதில் ஸ்பிளிட் பின் இருந்தால் எடுக்க வேண்டும். நட்டின் விளிம்பைத் தண்டின் பள்ளத்தில் அடித்து மடக்கியிருந்தால் அதை நிமிர்த்த வேண்டும். வண்டி தரையில் நிற்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதிக்க, நட்டைக் கொஞ்சம் மட்டும் இளக்கவும். அதன் பிறகு வண்டியை உருட்டக் கூடாது. அந்த நட்டின் இறுக்கத்தில்தான் பல கார்களின் வீல் பேரிங் பத்திரமாக இருக்கிறது.

அடுத்து, சக்கர நட்டுகளை இளக்கி, வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றவும். ஏபிஎஸ் ஒயர் இருந்தால் அது எங்கே போகிறது என்று பார்த்து, இழுபடாமல் ஒதுக்கவும்.

கீழே லோயர் ஆர்மும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் சேரும் இடத்தில் பால் ஜாயிண்ட் இருக்கும். அதைப் பிரித்தால் நக்கிளை வெளிப்பக்கம் சாய்க்க முடியும். அப்படிச் சாய்க்கும்போது பிரேக் ஓஸ் இழுபடக் கூடாது. பிரேக் காலிப்பரைக் கழற்ற வேண்டிவந்தால் அதைக் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். ஓஸில் தொங்கக் கூடாது.

ஆக்சில் நட்டைத் தண்டின் முனைக்குச் சமமாக வரும்வரை திருகிவைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டவும். மரை நசுங்காமல் இருக்கத்தான் இந்த நட். தண்டு இளகியதும் நட்டை எடுத்துவிட்டு, நக்கிளை வெளியே சாய்த்தால் ஷாஃப்ட் ஹப்பிலிருந்து வந்துவிடும். ஷாஃப்ட்டைப் பிடித்து வெளிப்பக்கமாக இழுக்க வேண்டாம். கியர் பாக்ஸ் பக்கத்து உள் ஜாயிண்ட் உறைக்குள்ளேயே பிரிந்துவிடலாம்.

வெளி ஜாயிண்ட் மட்டும்தான் மாற்ற வேண்டும், அதைப் பிரிக்கவும் முடியும் என்றால், உள் முனையைக் கியர் பாக்ஸிலேயே விட்டுவிட்டு வேலை செய்யலாம். கியர் ஆயிலைத் தொட வேண்டியதில்லை. முழு ஷாஃப்ட்டையும் எடுப்பதாக இருந்தால் ஆயிலை முதலில் இறக்க வேண்டும், ஆயில் சீலையும் பார்க்க வேண்டும், முடிவில் சரியான அளவு ஆயில் ஊற்ற வேண்டும்.

பழைய பூட்டை வெட்டி எடுத்து, கிரீஸைத் துடைத்தால் ஜாயிண்ட் தெரியும். சில வகைகளில் சர்க்ளிப்பை விரித்தால் ஜாயிண்ட் கழன்றுவரும். சில வகைகளில் பித்தளைக் கம்பியை ஜாயிண்ட்டின் உள்வளையத்தில் வைத்து ஓங்கி ஒரு தட்டு தட்ட வேண்டும். கண்ணாடி போடாமல் இதைச் செய்யக் கூடாது, சர்க்ளிப் தெறிக்கும்.

இனி மாட்டும் வேலை. முதலில் தண்டின் பற்களின் மேல் டேப் சுற்றி, சின்னக் கிளாம்ப்பையும் புது பூட்டையும் நுழைக்கவும். அவசரத்தில் ஜாயிண்ட்டை முதலில் மாட்டிவிட்டு, பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழிப்பவர்கள் உண்டு. பிறகு டேப்பை எடுத்துவிட்டு, புது சர்க்ளிப் போட்டு, ஜாயிண்ட்டைப் பற்களோடு பொருத்தித் தட்டவும். சர்க்ளிப் உட்காரும்போது ‘டக்’ என்று கேட்கும். கையால் இழுத்துப் பார்க்க வேண்டும், வரக் கூடாது.

கிட்டில் வரும் கிரீஸை முழுவதும் பயன்படுத்தவும்: முதலில் குண்டுகளுக்கு இடையே நன்றாக அழுத்தி, மீதியைப் பூட்டுக்குள். பூட் முறுக்கிக்கொள்ளாமல், அதன் உதடு பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். உள்ளே அடைபட்ட காற்றை உதட்டைத் தூக்கி வெளியேற்றிவிட்டுக் கிளாம்ப்பை இறுக்கவும். கழற்றிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில் மற்றவற்றை மாட்ட வேண்டும்.

கடைசி நட்டில்தான் பத்திரம்

பழைய ஆக்சில் நட்டைத் திரும்பப் போடக் கூடாது. மடக்கி அடிக்கும் வகை நட், ஒரு தடவைக்குத்தான். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும்; பல சின்னக் கார்களில் 150 முதல் 250 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். சரியான எண்ணை அந்தக் காரின் சர்வீஸ் மேனுவலில் மட்டுமே பார்க்க வேண்டும்.

“நல்லா இறுக்கிட்டேன்” என்பது ஏன் போதாது? ஒரு மீட்டர் நீளக் குழாயின் முனையில் 20 கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைப்பது சுமார் 196 நியூட்டன் மீட்டர். அதே குழாயின் மேல் 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறி நின்றால் 686. முன்னது பல கார்களுக்குத் தேவையான அளவை ஒட்டி வரும். பின்னது பேரிங்கையோ மரையையோ கெடுத்துவிடும். குறைவாக இறுக்கினாலும் பேரிங் சீக்கிரம் போகும், நட் இளகும். உடல் பலத்தை வைத்து இந்த அளவைப் பிடிக்க முடியாது. டார்க் ரெஞ்ச் வாடகைக்காவது, பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்தாவது கிடைக்க வேண்டும்.

இறுக்கும்போது ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க வேண்டும். நட்டை முழுசாக இறுக்கிய பிறகுதான் சக்கரத்தின் மேல் வண்டியின் பாரத்தை இறக்க வேண்டும். பிறகு நட்டை மடக்கி அடிப்பதோ, புது ஸ்பிளிட் பின் போடுவதோ மறக்கக் கூடாது. பால் ஜாயிண்ட் போல்ட், சக்கர நட்டுகள் எல்லாவற்றுக்கும் மேனுவலில் தனித்தனி அளவு இருக்கிறது. பிரேக் பெடலைச் சில முறை மிதித்து, அது கெட்டியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும்.

முதலில் அதே திடலில் மெதுவாக இரண்டு பக்கமும் வட்டமடித்துப் பார்க்கவும். சுமார் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளையும் கிளாம்ப்பையும் இன்னொரு முறை சரிபார்க்கவும். ரிம்மின் உள்பக்கம் புதிதாகக் கிரீஸ் தெறித்திருந்தால் கிளாம்ப் சரியாக உட்காரவில்லை என்று பொருள்.

எப்போது மெக்கானிக்கிடம் விட வேண்டும்?

வாரண்டியில் இருக்கும் காரில் கை வைக்க வேண்டாம். ஆக்சில் நட் துருவேறி அசையவில்லை, பால் ஜாயிண்ட் பிரியவில்லை, மரை கெட்டிருக்கிறது என்றால், சுத்தியலால் முரட்டடி அடிப்பதற்குப் பதில் நிறுத்திவிடுவது நல்லது. ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், மேனுவல் ஆகிய மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் இது வீட்டு வேலை அல்ல. பழகிய மெக்கானிக் சில மணி நேரத்தில் முடிப்பதை, முதல் முறை செய்பவர் ஒரு நாள் முழுக்கச் செய்ய நேரிடும். திங்கள் காலை ஆபீஸுக்குக் கார் வேண்டும் என்ற நிலையில் ஞாயிறு மாலை இதைத் தொடங்குவது சரியல்ல.

மாற்றாமலே விட்டால்? தேய்ந்த ஜாயிண்ட் ஒரு நாள் உடையும். சாதாரண டிஃபரன்ஷியல் உள்ள காரில், ஒரு பக்கத் தண்டு துண்டானால் விசை முழுவதும் அந்தப் பக்கமே வீணாகச் சுற்றிப் போகும். மறுபக்கச் சக்கரம் நன்றாக இருந்தாலும் வண்டி நகராது. இன்ஜின் உறுமும், கார் நிற்கும். பின்னால் பாரம் ஏற்றிய லாரி வந்துகொண்டிருக்கும் ரோட்டில் அப்படி நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதை அரியலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழன்று சுற்றும் தண்டு பக்கத்தில் இருக்கும் பிரேக் ஓஸையும் கியர் பாக்ஸையும் சேதப்படுத்தவும் கூடும்.

ஜாயிண்ட்டை யார் மாற்றினாலும், பூட்டைப் பார்ப்பது காரின் சொந்தக்காரர் வேலை. மாதம் ஒரு முறை, வண்டியைக் கழுவும்போது, ஸ்டியரிங்கை இடதுக்கு ஒரு முறை, வலதுக்கு ஒரு முறை ஒடித்துவைத்து, இரண்டு சக்கரத்துக்கும் பின்னால் டார்ச் அடித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். மழைக்காலம் தொடங்கும் முன் கட்டாயம் பார்க்க வேண்டும். பூட்டில் விரிசல் கண்ணில் பட்டால் அந்த வாரமே மாற்றிவிடலாம். சத்தம் கேட்கும்வரை காத்திருந்தால் பூட்டோடு ஜாயிண்ட்டுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.